ஜெர்மனியில் ஐந்தாம் டிவிஷன் பந்தும் நம்ம கோயில் திடலும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படிங்க.

நான் திரும்பி வந்ததிலிருந்து பிரசாத வரிசையில் ஒரே கேள்விதான். "ஜெர்மனிக்குப் போயி பந்து பாத்தீங்களாமே அண்ணே? அதுவும் பெரிய டீம் கூட இல்லையாமே?" பலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்காமல், "கோயில் தொண்டருக்கு இதெல்லாம் தேவையா?" என்றார். அவருக்கு முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். விமான டிக்கெட் என் இ.பி.எஃப். பணத்தில் எடுத்தது. தங்கியது அக்கா மகனின் வாடகை அறையில். பந்தாட்டச் சீட்டு அவன் வாங்கிக் கொடுத்தது. கோயில் உண்டியலுக்கும் இதுக்கும் ஒரு காசு சம்பந்தம் இல்லை.

மீதியைச் சொல்வது அடுத்த மாதப் பொதுக்கூட்டத்துக்காக. கோயிலுக்குப் பின்னால் இருக்கிற திடலுக்கு சிமெண்ட் போட்டு கார் நிறுத்தும் இடமாக்கலாமா, வேண்டாமா என்று ஓட்டெடுக்கப் போகிறோம். அதுக்கு முன்னால் நான் பார்த்ததை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

போனது அம்பாளைப் பார்க்கத்தான். ஜெர்மனியின் மேற்குப் பக்கம் ஹம் என்று ஒரு ஊர். அக்கா மகன் அங்கேதான் படிக்கிறான். நம்மில் பலர் காணொளியில் பார்த்திருப்பீங்க, ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம், தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதும் இருந்து ஆயிரக்கணக்கில் தமிழர்கள் வந்து சேருகிற இடம். இலங்கையிலிருந்து 1980களில் அகதியாக வந்த பாஸ்கரக் குருக்கள், 1989இல் ஒரு நிலவறையில் அம்பாளை வைத்துப் பூஜையைத் தொடங்கினார். கூட்டம் சேரச் சேர அந்த இடம் தாங்கவில்லை. கடைசியில் ஊருக்கு வெளியே யூன்ட்ரோப் என்கிற பகுதியில், தொழிற்பேட்டை நடுவில் இடம் கிடைத்து, 17 மீட்டர் இராஜகோபுரத்தோடு கட்டி, 2002 ஜூலை 7ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. தீர்த்தத்துக்கு ஆறு குளம் தேடவில்லை. கப்பல் ஓடுகிற கால்வாய் ஒன்று ஊரை ஒட்டிப் போகிறது, அதுவே போதும் என்று அம்பாள் ஒத்துக்கொண்டாள். கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தால் பின்னால் கிடங்கும் லோரியும்தான் தெரியும். சுங்கை பட்டாணியிலே தொழிற்சாலைப் பக்கம் குடியிருக்கிற எனக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

தேருக்கு முந்தின வாரமே போய்விட்டேன். தொண்டனுக்குச் சும்மா உட்காரத் தெரியாதே. இரண்டாம் நாள் அன்னதானக் கூடத்தில் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தாச்சு. எதிரில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா கேட்டார், "எங்கயிருந்து வந்தனீங்கள்?"

"மலேசியாங்க ஐயா. கெடா."

"கெடாவோ? அப்ப கடாரம்!" என்று சொல்லி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். இராஜேந்திர சோழன் வந்துபோன ஊரென்று அவர் பள்ளிக்கூடத்தில் படித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. நம்ம பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

அவர் பேரன் அங்கே ஒரு ஊர்க் கிளப்பின் சின்னப் பையன்கள் டீமில் ஆடுகிறான். "ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆக்களின்ர ஆட்டம் இருக்கு. வாங்கோ, நானும் போவன்" என்றார். அப்படித்தான் ரைனெர்ன் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்ம பையன்கள் பலர் டோர்ட்முண்ட் டீமின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்திருப்பீங்க. அந்த ஊர் ஹம்முக்குப் பக்கம்தான், ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த ஸ்டேடியத்தில் 81 ஆயிரம் பேர் பார்க்கலாம். தெற்குப் பக்கத்து மேடையில் மட்டும் சுமார் 25 ஆயிரம் பேர் நின்றுகொண்டே பார்ப்பார்கள். டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். "அதைப் பாக்காம இந்த ஊர்ப் பந்தைப் பாத்தியா" என்று கேலி செய்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

ஜெர்மன் பந்து படிப்படியாக இருக்கும். உச்சியில் புண்டெஸ்லிகா, அதுக்குக் கீழே இரண்டாம் புண்டெஸ்லிகா, அப்புறம் 2008இல் தொடங்கின மூன்றாம் லிகா. நான்காம் படி ஐந்து வட்டாரமாகப் பிரியும். ஐந்தாம் படிக்குப் பெயர் ஓபர்லிகா, அது இன்னும் சின்னச் சின்ன வட்டாரமாகப் பிரியும். அதுக்குக் கீழேயும் படிகள் போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் கம்பத்து டீம் வரைக்கும். எல்லாப் படிக்கும் நடுவில் கதவு திறந்தே இருக்கு. ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். வெஸ்ட்ஃபாலியா ரைனெர்ன் 2017இல் நான்காம் படிக்கு ஏறி, ஒரே வருஷத்தில் இறங்கி வந்த டீம். நான் பார்த்தது ஓபர்லிகா ஆட்டம்.

திடலைப் பார்த்ததும் எனக்குத் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் மரங்கள், பக்கத்தில் வீடுகள், சுற்றி இடுப்பு உயர இரும்புக் கம்பி. கூட்டம் சில நூறு பேர் இருக்கும். வாசலில் ஒரு அம்மா சின்ன மேசை போட்டு, பணப்பெட்டி வைத்துச் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார், நம்ம அர்ச்சனைச் சீட்டு கௌண்டர் மாதிரியே. உள்ளே நுழைந்தால் தொத்திறைச்சி சுடுகிற புகை. எனக்கோ திருவிழா விரதம். அக்கா மகன் ஓடிப்போய் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வந்தான். "எண்ணெய் வேற வேறயா?" என்று கேட்டேன். "ஐயோ மாமா" என்று தலையில் அடித்துக்கொண்டு திரும்பப் போய்க் கேட்டுவிட்டு வந்தான். வேறதான். அதுக்கப்புறம்தான் கை வைத்தேன்.

ஆட்டம் எப்படி? சும்மா சொல்லக்கூடாது, நல்ல வேகம். ஆனால் எனக்குப் பிடித்தது தொலைக்காட்சியில் வராத சத்தங்கள். பூட்ஸோடு பூட்ஸ் மோதுகிற சத்தம், கோல்கீப்பர் தொண்டை கிழியக் கத்துவது, பந்து கம்பத்தில் பட்டு 'டங்' என்று அடிப்பது, எல்லாம் பத்தடியில். ஆடுகிறவர்களில் பலர் திங்கட்கிழமை காலையில் வேலைக்கோ படிக்கவோ போகிறவர்கள். ஒரு தடவை பந்து மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. இரண்டு பொடியன்கள் எடுக்க ஓடினார்கள், அதில் ஒருத்தன் நம்ம ஐயாவின் பேரன். நடுவரைத் திட்டுவதற்கென்றே ஒரு தாத்தா முதல் நிமிஷத்திலிருந்து கடைசி நிமிஷம் வரை என் பக்கத்தில் நின்றார். வார்த்தை ஒன்றும் புரியவில்லை, விஷயம் முழுக்கப் புரிந்தது. எல்லா ஊரிலும் இப்படி ஒருத்தர் உண்டு. நம்ம கோயிலிலும் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

ஆட்டம் முடிந்தது. சொந்த டீம் ஒரு கோலில் தோற்றது. ஆட்டக்காரர்கள் கம்பியோரம் சுற்றி வந்து எல்லாருக்கும் கை கொடுத்தார்கள். எனக்கும் கொடுத்தார்கள், நெற்றியில் விபூதியைப் பார்த்து ஒருத்தர் கும்பிடவே செய்தார்.

அப்புறம்தான் நான் சொல்ல வந்தது நடந்தது. கிளப் கட்டடத்துக்குள்ளே காப்பி குடிக்கப் போனோம். வாசலில் சீட்டுக் கொடுத்த அம்மா இப்போது கேக் வெட்டிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். ஐயா என்னை அறிமுகப்படுத்தி வைத்தார். "இவர் என்ன வேலை செய்கிறார்?" என்று அந்த அம்மா கேட்க, கோயிலில் சம்பளம் இல்லாத வேலை என்று அக்கா மகன் சொன்னான். அவர் உடனே நெஞ்சில் கை வைத்து, "நானும் அதேதான்" என்றார். அதுக்கு அவர்களிடம் தனிச்சொல் இருக்கு. 'எஹ்ரென்அம்ட்'. மரியாதைக்காகச் செய்கிற பணி என்று அக்கா மகன் அர்த்தம் சொன்னான். நாம தொண்டு என்கிறோமே, அது. அவர் எத்தனையோ வருஷமாக அந்தப் பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்கிறார்.

பேச்சு அப்படியே சங்கம் பக்கம் போனது. அங்கே கிளப் என்றால் பதிவு பெற்ற சங்கம். பதிவு செய்ய ஆரம்பத்தில் குறைந்தது 7 உறுப்பினர்கள் வேண்டும் என்பது சட்டம். நான் சிரித்துவிட்டேன். நம்ம 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்திலும் 7 பேரும் அதுக்கு மேலும் சேர்ந்தால்தான் சங்கம். ஆண்டுச் சந்தா, பொதுக்கூட்டம், பொருளாளர் கணக்கு வாசிப்பது, அதில் இரண்டு பேர் எழுந்து சண்டை போடுவது, எல்லாம் அப்படியே நம்ம கதை. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 24 ஆயிரம் கிளப்புகளும், அதில் 70 லட்சத்துக்கும் மேலான உறுப்பினர்களும் இருக்கிறார்கள். கோடிக்கணக்கில் பணம் புரளுகிற பெரிய கிளப்பில்கூட, 1998 முதல் ஒரு விதி இருக்கு. வெளியிலிருந்து முதலாளி பணம் போடலாம், ஆனால் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு விதிவிலக்கு உண்டு. மற்றபடி யாரும் சட்டைப்பையைத் தட்டிக் காட்டி டீமைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இன்னொன்று. அந்த வட்டாரம் முழுக்க நிலக்கரிச் சுரங்கம். நமக்கு ரப்பர் எப்படியோ, அவர்களுக்கு அப்படிக் கரி. ஹம் ஊரின் கடைசிச் சுரங்கத்தை 2010இல் மூடினார்கள். 2018 டிசம்பரில் அந்த வட்டாரத்தின் கடைசிக் கரிச் சுரங்கமும் மூடியாச்சு. சுரங்கத் தொழிலாளர்கள் ஆடி வளர்த்த டீம்கள் அங்கே எத்தனையோ. ஷால்கே டீமுக்கு இன்றைக்கும் சுரங்கக்காரர்கள் என்றுதான் செல்லப் பெயர். சுரங்கம் போய்விட்டது, டீம் இருக்கு.

நம்ம தோட்டத்து டீம்கள் எங்கே?

நான் பிறந்தது பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டம். பெரட்டுக் களத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் திடல். அப்பா பால் வெட்டுகிறவர். ஆட்டம் இருக்கிற நாளில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிடக்கூட மாட்டார், ஒரு வாளிச் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு திடலுக்குக் கோடு போடப் போய்விடுவார். கயிறு பிடிக்கிறது நான். திருவிழா வந்தால் அதே வாளி, அதே சுண்ணாம்பு, கோயில் மதிலுக்கு. ரைனெர்னில் ஒரு பெரியவர் கோடு போடுகிற தள்ளுவண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அதை இங்கே மறைக்க ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் லோரியில் வருவார்கள். சட்டை துரை வாங்கிக் கொடுத்தது. எங்கள் கோல்கீப்பர் பாய்ந்து பந்தைப் பிடித்தால் "ஆறுமுகம்டா!" என்று லயமே கத்தும். தேசியக் குழுவின் ஆர். ஆறுமுகம், 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றும் புறக்கணிப்பால் போக முடியாமல் போன அந்தக் குழுவில் இருந்தவர். 1988இல் சாலை விபத்தில் போய்ச் சேர்ந்தார். 'ஓலா போலா' படம் பார்த்த பிள்ளைகளுக்கு இது புரியும். அதுக்கும் முன்னால் 1972இல் எம். சந்திரன் இருந்த நம்ம குழு இதே ஜெர்மனிக்கு மியூனிக் ஒலிம்பிக் ஆடப் போய், அமெரிக்காவை 3-0 என்று அடித்தது. இதைச் சொன்னபோது யாழ்ப்பாணத்து ஐயா நம்பவில்லை, பேரன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு "உண்மைதான் தாத்தா" என்றான்.

தோட்டம் கைமாறியது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அப்புறம் அதுவும் போய்த் தாமான் வீடுகள் வந்தன. முதலில் போனது திடல்தான். ஒரு காலையில் இயந்திரம் வந்தது, மாலைக்குள் கோல் கம்பம் இல்லை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்க எங்களுக்கு வழியும் இல்லை. திடல் கம்பெனியுடையது, சட்டை துரையுடையது, கிண்ணங்கள் கிராணி வீட்டு அலமாரியில். டீமுக்கென்று ஒரு பதிவுப் புத்தகம்கூடக் கிடையாது.

கோயிலையும் எடுக்கத்தான் வந்தார்கள். ஆனால் கோயிலுக்குச் சங்கம் இருந்தது, பதிவு எண் இருந்தது, செயலாளர் கையெழுத்துப் போட்டு மனு எழுத முடிந்தது. நம்ம பெரியவர்கள் எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் மாற்று இடம் கிடைத்தது. இப்போது நாம் கும்பிடுகிற இடம் அதுதான்.

இதை முன்பே புரிந்துகொண்டவர் துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்க வைத்தார். அது வாங்கிய முதல் தோட்டம் நம்ம கெடாவில், புக்கிட் சீடிம்.

பெரிய பந்துக்கும் இதே கதைதான். நம்ம மாநிலம் மலேசியக் கிண்ணத்தை 1990இலும் 1993இலும் தூக்கியது, 2007இலும் 2008இலும் அடுத்தடுத்து மூன்று மூன்று கிண்ணங்கள் எடுத்தது. பச்சை மஞ்சள் கொடியோடு அலோர் ஸ்டார் டாருல் அமான் ஸ்டேடியத்துக்குப் பஸ் பிடித்துப் போனவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களிலேயே நிறையப் பேர். அந்தக் கெடாவுக்கு 2025-26 பருவத்தில் சூப்பர் லீக் உரிமமே கிடைக்கவில்லை. நம்மவர்கள் நம்பிக்கையோடு வளர்த்த மிஃபா அணி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்று பெயர் மாறி சூப்பர் லீக்கில் ஆடியது, 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. ரசிகன் அழுதான். அழத்தான் முடிந்தது. அவன் கையில் ஓட்டு இல்லை.

சரி, நம்ம திடலுக்கு வருவோம். திடல் என்று சொல்வதே கொஞ்சம் பெருமைக்குத்தான், பக்கத்துக்கு ஏழு பேர் நின்றால் நிறைந்துவிடும். தினம் சாயங்காலம் இருபது பையன்களாவது ஆடுகிறார்கள். அவர்கள் கோயிலுக்கு வருவது முன்வாசல் வழியாக இல்லை, பின்கேட் வழியாக. பைப்பில் கால் கழுவிவிட்டு, வேர்வைச் சட்டையோடு உள்ளே வரலாமா என்று தயங்கி, வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் தேர் இழுக்க, அன்னதானப் பானை தூக்க, பந்தல் போட, பந்தல் பிரிக்க எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பாருங்க. அந்த இருபதில் பன்னிரண்டு பேராவது இருப்பார்கள். பின்கேட்டை அடைத்து சிமெண்ட் போட்டால் அவர்கள் வேறெங்கே சேருவார்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

எதிர்ப்பக்கத்தின் கஷ்டமும் எனக்குத் தெரியும். விசேஷ நாளில் சாலை இரண்டு பக்கமும் கார். முட்டி வலியோடு வயசானவங்க ரொம்ப தூரம் நடந்து வருகிறார்கள். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலை மறிக்கிறோம் என்று கோபப்படுகிறார்கள், அவர்கள் கோபம் நியாயம். அதனால் என் யோசனை இது. வருஷத்தில் பெரிய கூட்டம் வருவது எட்டு, பத்து நாள். அந்த நாள்களில் மட்டும் புல் மேலேயே கார் நிறுத்துவோம். கோல் கம்பத்தைக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்துவிடலாம், பையன்களே கழற்றுவார்கள், வண்டிக்கு வழிகாட்டவும் அவர்களே நிற்பார்கள். முன்வரிசையை வயசானவர்கள் வண்டிக்கு ஒதுக்குவோம். மழை பெய்தால் சேறாகும், உண்மைதான். சரளைக்கல் கொட்ட வேண்டிய இடம் கேட் ஓரம் மட்டும்தான், அதுக்கு நான் ஆள் பார்த்துவிட்டேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கு. போன வாரம் உறுப்பினர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த இருபது பையன்களில் பதினெட்டு வயசு தாண்டியவர்கள் பதினொரு பேர். உறுப்பினராக இருப்பது மூன்றே பேர். மிச்ச எட்டுப் பேரும் தேர் இழுக்கலாம், ஓட்டுப் போட முடியாது. அவர்கள் அம்மா அப்பாவிலும் பாதிப் பேர் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஆண்டுச் சந்தா 12 வெள்ளி. கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கட்டியிருந்தால்தான் ஓட்டு. பாரம் அர்ச்சனைச் சீட்டு கௌண்டரில் இருக்கு, அடையாள அட்டை நகல் ஒன்று கொண்டுவந்தால் போதும். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறரையிலிருந்து நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். சிமெண்ட் வேண்டும் என்கிறவர்களும் வாங்க, வேண்டாம் என்கிறவர்களும் வாங்க. தம்பிங்களா, சட்டை வேர்வையா இருந்தாலும் பரவாயில்லை, நேரா கௌண்டருக்கு வந்துடுங்க. பேனா நான் வச்சிருக்கேன்.